ஒரே சந்தா, இரண்டு பெட்டி

"கேம் கன்சோல் ஒன்று வாங்கிவிட்டால் படம் பார்க்கத் தனியாக வேறு எதுவும் வேண்டாம்தானே?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் ஆமாம் என்றுவிடுவேன். இப்போது, எந்தப் படம், யார் கம்பெனிப் படம், எந்தப் பெட்டி என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். படம் பார்க்க வந்தவனிடம் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரித்தான் இருக்கும், ஆனால் விசாரிக்காமல் வாங்கினால் பிறகு புலம்ப வேண்டியிருக்கும்.

என் டிவியில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. விளையாட்டு பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படம் பார்க்கும் பெட்டியாக இவை எப்படி, அது மட்டும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், பிரைம் வீடியோ, டிஸ்னி பிளஸ், ஆப்பிள் டிவி எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆப் சட்டென்று திறக்கிறது, 4கே படம் தெளிவாக ஓடுகிறது, டிஸ்க் டிரைவ் இருக்கிற மாடலாக இருந்தால் 4கே ப்ளூரே டிஸ்க்கும் போட்டுப் பார்க்கலாம். எரிச்சல் என்று பார்த்தால் கன்ட்ரோலர்தான். படம் ஓடுகிறது, முக்கியமான வசனம் வருகிறது, அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது. பாஸ் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எந்தக் கன்சோலாக இருந்தாலும் கன்ட்ரோலர் சும்மா கிடந்தால் சார்ஜை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். நடு பட்டனை அழுத்தி அதை எழுப்பி, அது பெட்டியோடு பேசி முடித்து, அப்புறம் பாஸ் அழுத்துவதற்குள் வில்லன் செத்தே போயிருப்பான். தேடல் பெட்டியில் படத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி அடிப்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா என்ன, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தனி மீடியா ரிமோட் வாங்கினால் இது பாதி தீரும். சின்ன விஷயம், விடுவோம்.

பெரிய விஷயம் பெட்டிக்குள் இல்லை, பெட்டியைச் செய்தவர்கள் வீட்டில் இருக்கிறது. சோனி கன்சோல் விற்கிறது, சினிமாவும் எடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் கன்சோல் விற்கிறது, ஹாலிவுட்டில் அதற்கு ஸ்டுடியோ கிடையாது. இந்த ஒரு வித்தியாசம் கடைசியில் நம் வீட்டு டிவியில் வந்து நிற்கும் என்பதை முதன்முதலில் நன்றாகக் காட்டிக் கொடுத்தது 2008.

அந்த வருடம் நவம்பர் 19-ம் தேதி எக்ஸ்பாக்ஸ் 360-க்கு முகப்பை மொத்தமாக மாற்றும் அப்டேட் வந்தது. அதோடு அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸும் வந்தது. கேம் கன்சோலில் நெட்ஃபிளிக்ஸ் ஓடியது அதுதான் முதல் தடவை. 12,000-க்கும் மேல் படங்களும் தொடர்களும் என்று விளம்பரம். பார்க்க வேண்டுமானால் இரண்டு இடத்தில் பணம் கட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்கு மாதம் குறைந்தது 8.99 டாலர் திட்டம், மைக்ரோசாஃப்ட்டுக்கு எக்ஸ்பாக்ஸ் இணையச் சேவைக்காக வருடம் 49.99 டாலர் கோல்டு சந்தா. சரி, கட்டியாகிவிட்டது. அப்போது கன்சோலிலேயே நெட்ஃபிளிக்ஸை மேய்ந்து படம் தேடும் வசதி இல்லை. கணினியில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படங்களை வரிசையில் சேர்த்துவைக்க வேண்டும், அந்த வரிசை டிவியில் வந்து நிற்கும், அதிலிருந்து ஒன்றைத் தொட்டு ஓட்ட வேண்டும். இந்த வசதியைத் திறந்துவிட்ட கையோடு கொலம்பியா பிக்சர்ஸ் படங்கள் மட்டும் எக்ஸ்பாக்ஸில் ஓடாமல் போயின. நெட்ஃபிளிக்ஸ் சொன்ன காரணம் உரிமச் சிக்கல். அதே கணக்கு, அதே சந்தா, அதே படம் கணினியில் ஓடும். பத்தடி தள்ளி டிவி முன்னால் உட்கார்ந்தால் ஓடாது.

கொலம்பியா யாருடையது? சோனியுடையது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் நடத்திக் காட்டியிருக்க முடியாது. வேண்டுமென்றே போட்டிக்காரன் பெட்டியை மட்டம் தட்டத்தான் செய்தார்கள் என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் உரிமத்தில் சிக்கல் என்றால் அது ஏன் பிளேஸ்டேஷனின் நேர் எதிரிப் பெட்டியில் மட்டும் வந்து உட்கார்ந்தது என்று ஒரு சந்தாதாரன் கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

இந்த உரிமம் என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. ஒரு ஸ்டுடியோ ஒரு படத்தை ஓடிடி நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. எந்த நாடு, எத்தனை மாதம், என்ன தரம், எந்த வகைக் கருவி என்று துண்டு துண்டாக வெட்டித்தான் விற்கும். கணினிக்கு உரிமை உண்டு, டிவியோடு இணைக்கும் பெட்டிக்கு இல்லை என்றுகூட ஒப்பந்தம் எழுதலாம். நாம் ஒரு சந்தா கட்டிவிட்டு எல்லா இடத்திலும் எல்லாம் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறோம். சோனி விஷயத்திலேயே எல்லாப் பழியையும் கன்சோல் சண்டை மேல் போடவும் முடியாது. 2011 ஜூனில் ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கக் கட்டணச் சேனல் வழியாக நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துகொண்டிருந்த சோனி படங்கள் ஒரே நாளில் காணாமல் போனபோது அது எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் என்று பார்க்கவில்லை, எல்லாப் பெட்டியிலும்தான் போயின. அது சோனிக்கும் ஸ்டார்ஸுக்கும் இடையே ஒப்பந்தத் தகராறு. அதற்காக 2008-ஐ மறந்துவிடலாம் என்று ஆகிவிடாது. அப்போது மறைந்தது ஒரு பெட்டியில் மட்டும்.

இந்தப் பங்காளிச் சண்டைக்கு வேர் இன்னும் பழையது. சோனி 1989-ல் கோகோ கோலாவிடமிருந்து கொலம்பியாவை 3.4 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் தன் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட்டை வைத்துக்கொண்டு போட்டிக் கேசட்டான விஎச்எஸ்-இடம் தோற்ற அனுபவம் அதற்கு இருந்தது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் போட்டுப் பார்க்கப் படம் இல்லையென்றால் கதை முடிந்தது என்பதைச் சோனி சூடு பட்டுக் கற்றுக்கொண்டது. அதனால் 2006-ல் பிஎஸ்3 வந்தபோது ப்ளூரே டிரைவை உள்ளேயே வைத்தார்கள், சொந்த ஸ்டுடியோ படங்களும் ப்ளூரேயில்தான். மைக்ரோசாஃப்ட் எதிரணியில், ப்ளூரேக்குப் போட்டியாக வந்த டோஷிபாவின் எச்டி டிவிடி டிஸ்க் பக்கம் நின்று, எக்ஸ்பாக்ஸ் 360-க்குத் தனியாக மாட்டிக்கொள்ளும் டிரைவ் ஒன்றை 199 டாலருக்கு விற்றது. ஸ்டுடியோக்கள் இரண்டாகப் பிரிந்தன. யூனிவர்சல் எச்டி டிவிடி பக்கம், சோனியும் டிஸ்னியும் ப்ளூரே பக்கம், பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்டி டிவிடி பக்கம் தாவல். டிஸ்க் வாங்கப் போனவன் முதலில் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டிய நிலை. 2008 ஜனவரியில் வார்னர் ப்ளூரே பக்கம் சாய்ந்ததும் ஆட்டம் முடிந்தது. பிப்ரவரி 19-ம் தேதி டோஷிபா கடையைக் கட்டியது. 199 டாலர் கொடுத்து டிரைவ் வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைத்துவிட்டு, இனி டிஸ்க்கே வேண்டாம், ஸ்ட்ரீமிங்தான் எதிர்காலம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். சரியாக ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 19, மேலே சொன்ன கதை.

மைக்ரோசாஃப்ட் மட்டும் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். கன்சோல்களில் நெட்ஃபிளிக்ஸ் தன்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று அவர்களும் ஒப்பந்தம் போட்டுவைத்திருந்தார்கள். அதன் விளைவு மறுபக்கத்தில் எப்படித் தெரிந்தது என்றால், 2009 நவம்பரில் பிஎஸ்3-க்கு நெட்ஃபிளிக்ஸ் வந்தது, ஆனால் தபாலில் வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். சந்தாதாரர் கேட்டால் நெட்ஃபிளிக்ஸ் ஒரு ப்ளூரே டிஸ்க்கை இலவசமாக அனுப்பும். இணையம் வழியாக வரும் படத்தைப் பார்க்க, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், உள்ளே இருக்கும் விளையாட்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, இந்த டிஸ்க்கைப் போட வேண்டும். டிஸ்க்கில் படம் ஒன்றும் இருக்காது, கதவைத் திறக்கும் சாவி மட்டும்தான். அந்த ஒப்பந்தத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து என்றே அன்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். 2010-ல் நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலுக்கும் இதே டிஸ்க் வைத்தியம். அந்த வருடம் அக்டோபரில்தான் இரண்டுக்கும் டிஸ்க் தேவையில்லாமல் போனது. இரண்டு வருடம் தடுத்துவைத்து என்ன கண்டார்கள் என்று பார்த்தால், 2012 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸே சொன்னது, டிவியில் தன்னை அதிகம் பார்க்கும் கருவி பிஎஸ்3 என்று.

அதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம். பிஎஸ்3-ல் நெட்ஃபிளிக்ஸ் பார்க்க சோனிக்கு ஒரு காசு கட்ட வேண்டாம். எக்ஸ்பாக்ஸில் கோல்டு இல்லாமல் திறக்காது, அந்தக் கோல்டும் 2010 நவம்பரில் 59.99 டாலர் ஆனது. ஏற்கெனவே நெட்ஃபிளிக்ஸுக்குப் பணம் கட்டுகிறவனிடம், என் வாசல் வழியாகப் போகிறாய், எனக்கும் கொடு என்கிற வேலை. யூடியூப் பார்க்கக்கூட அப்படித்தான். 2014 ஜூனில்தான் அந்தச் சுங்கச்சாவடியை எடுத்தார்கள். எடுத்தது நல்லது, ஆனால் ஐந்தரை வருடம் வசூல் செய்துவிட்டு எடுத்தார்கள்.

இணைப்பு கொடுக்கும் கேபிள் கம்பெனிகளும் இதில் சும்மா இருக்கவில்லை. 2012-ல் அமெரிக்காவில் காம்காஸ்ட் தன் வீடியோ ஆப்பை எக்ஸ்பாக்ஸ் 360-ல் இறக்கி, அதில் பார்ப்பது மாதம் 250 ஜிபி வரம்பில் சேராது என்றது. பக்கத்திலேயே இருக்கும் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் பார்த்தால் சேரும். நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வெளிப்படையாகவே குமுறினார். ஒரே பெட்டி, ஒரே ஒயர், ஒன்றுக்கு மீட்டர் ஓடும், இன்னொன்றுக்கு ஓடாது.

சரி, பழைய கதை போதும், இன்று வாங்குகிறவருக்கு என்ன?

சந்தா ஆப்கள் விஷயத்தில் சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. இரண்டு கம்பெனிக்குமே தெரிந்துவிட்டது, நெட்ஃபிளிக்ஸ் இல்லாத பெட்டியை யாரும் படம் பார்க்க வாங்கமாட்டான் என்று. நின்டெண்டோ மட்டும் தனி உலகம். 2017-ல் வந்த ஸ்விட்சுக்கு நெட்ஃபிளிக்ஸ் வரவே இல்லை. படம் பார்க்க ஸ்விட்ச் வாங்குவதாக இருந்தால் இப்போதே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஓய்ந்த சண்டை வேறு இடத்தில் தலை நீட்டுகிறது. 2023 அக்டோபரில் சோனி பிக்சர்ஸ் கோர் என்று ஒரு ஆப் பிஎஸ்4, பிஎஸ்5-க்கு வந்தது. சோனி படங்களை வாடகைக்கு எடுக்கலாம், வாங்கலாம், பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தா இருந்தால் நூறு படம் வரை கூடுதல் காசு இல்லாமல் பார்க்கலாம். நான் பயன்படுத்திய வரை படத்தரம் அருமை, குறையே சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் எக்ஸ்பாக்ஸில்? கிடையாது. 2008-ல் இருந்ததை எடுத்தார்கள் என்பதால் கோபம் வந்தது. இதில் ஆரம்பத்திலிருந்தே கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் கோபம் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிடுவதைவிடக் கூப்பிடாமல் இருப்பது மரியாதை என்று நினைத்திருப்பார்கள் போல. நியாயமாகச் சொன்னால், தன் படத்தைத் தன் பெட்டியில் தனிச் சலுகையாகக் கொடுப்பதில் தப்பு இல்லை. அதே படங்கள் வேறு கடைகளிலும் கிடைக்கின்றன. காசு கட்டி வாங்கிய சந்தாவுக்குள் கை விடாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

படத்தரத்தில் ஒரு வேடிக்கை. இருட்டையும் வெளிச்சத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்து காட்டும் டால்பி விஷன், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் ஓடிடி ஆப்களுக்கு உண்டு, பிஎஸ்5-ல் கிடையாது, அதைவிட எளிமையான எச்டிஆர்10 மட்டும்தான். சினிமா கம்பெனியே வைத்திருக்கிறவர் பெட்டியில் சினிமாக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அந்த வசதி இல்லை. டால்பி விஷன் இருக்கும் டிவியில் இருட்டுக் காட்சிகளை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன், எக்ஸ்பாக்ஸில் நிழலுக்குள் இருக்கும் துணி மடிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கொஞ்சம்தான். பத்து நிமிடம் கதையில் மூழ்கிய பிறகு எது எது என்று மறந்துபோனது.

டிஸ்க்கிலும் இதே மாதிரி தலைகீழ் வேலை நடந்திருக்கிறது. எச்டி டிவிடிக்குக் கொடி பிடித்த மைக்ரோசாஃப்ட் 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ப்ளூரே டிரைவை வைத்தது. 2016-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் 4கே ப்ளூரே ஓட்டியது. ப்ளூரேயைப் பெற்று வளர்த்த சோனி அதே வருடம் விற்ற பிஎஸ்4 ப்ரோ 4கே ப்ளூரே ஓட்டவில்லை. யார் யாரோடு சண்டை போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று அவர்களுக்கே ஞாபகம் இருந்ததா தெரியவில்லை.

இனி, டிஜிட்டலில் விலைக்கு வாங்கிய படம். கன்சோல் கடையில் படம் வாங்குவதைப் பற்றி என் கருத்து ஒரே வார்த்தை, வேண்டாம். பிளேஸ்டேஷன் ஸ்டோர் 2021 ஆகஸ்ட் 31-ம் தேதியோடு படம் விற்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் நிறுத்தியது. வாங்கியவை இருக்கும் என்று இருவருமே சொன்னார்கள், ஆனால் அந்த வாக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2022-ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷனில் ஸ்டுடியோகனல் என்ற கம்பெனியின் படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து அவை நீக்கப்பட்டன. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளையும் அப்படியே எடுக்கப் போகிறோம் என்று அறிவித்து, கூச்சல் கிளம்பியதும் புது ஒப்பந்தம் போட்டுப் பின்வாங்கினார்கள்.

ஒரு கடையில் வாங்கிய படங்களைச் சேர்ந்திருக்கும் மற்ற கடைகளிலும் ஓட வைக்கும் மூவீஸ் எனிவேர் என்று ஒன்று அமெரிக்காவில் 2017-ல் வந்தது. டிஸ்னி, வார்னர், யூனிவர்சல், ஃபாக்ஸ், சோனி பிக்சர்ஸ் ஐவரும் சேர்ந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கடை 2018-ல் சேர்ந்தது. பிளேஸ்டேஷன் ஸ்டோர் படம் விற்ற கடைசி நாள் வரை சேரவில்லை. அதாவது சோனி ஸ்டுடியோ எடுத்த படத்தை அன்று எக்ஸ்பாக்ஸில் வாங்கியிருந்தால் மற்ற கடைகளிலும் ஓடும், சோனியின் சொந்தக் கடையில் வாங்கியிருந்தால் அங்கேயே கிடக்கும். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

எனக்கும் ஒரு தடவை பட்டது. கடையின் பெயரும் பெட்டியின் பெயரும் வேண்டாம். ஒரு பழைய படத்தை விலைக்கே வாங்கி ஹாலில் பாதி பார்த்தேன், மீதியை மறுநாள் படுக்கையறையில் இருக்கும் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் பார்க்கலாம் என்று போனால் அந்தக் கடைக்கு அதில் ஆப்பே கிடையாது. போனில் பார்க்கலாம் என்றது உதவிப் பக்கம். இரண்டரை மணி நேரப் படம், கடைசி நாற்பது நிமிடம், கழுத்தைக் குனிந்து போனில் பார்த்தேன். நேர் எதிரே டிவி அணைந்து கிடந்தது.

அப்போது முடிவு செய்த ஏற்பாடுதான் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் பார்க்க ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக், மூன்றாவது எச்டிஎம்ஐ ஓட்டையில். விலை கன்சோலில் ஒரு சின்ன பங்குகூட இல்லை, படம் ஓட்ட அது எடுக்கும் மின்சாரத்தைவிடக் கன்சோல் பல மடங்கு எடுக்கிறது, ரிமோட்டும் ரிமோட் மாதிரி இருக்கிறது. ஸ்டிக் விற்கிறவர்களும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. கூகுளும் அமேசானும் மோதிக்கொண்டு 2018-ன் தொடக்கத்திலிருந்து ஃபயர் டிவியில் யூடியூப் ஆப் இல்லாமல் கிடந்து, 2019 ஜூலையில்தான் திரும்பி வந்தது. அங்கேயும் அதே பங்காளிகள்தான், பெயர்தான் வேறு. ஆனால் ஸ்டிக்கில் ஏமாந்தால் நஷ்டம் கொஞ்சம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: படம் பார்க்கும் பெட்டியாக எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்குப் பத்துக்கு ஏழு, டால்பி விஷனும் டிஸ்க் டிரைவும் சேர்த்து. டிரைவ் உள்ள பிஎஸ்5-க்கும் ஏழுதான், டால்பி விஷனுக்கு ஒன்றைக் கழித்து, சோனி பிக்சர்ஸ் கோருக்கு அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டிரைவ் இல்லாத மாடல்களுக்கு இரண்டிலும் ஐந்து. விளையாட்டுக்காக ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தாராளமாக அதிலேயே பாருங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. படத்துக்காக மட்டும் வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக் வாங்கிவிட்டு மிச்சக் காசில், திரும்பத் திரும்பப் பார்க்கும் பத்துப் படங்களை டிஸ்க்கில் வாங்கி அலமாரியில் வையுங்கள். என் அலமாரியில் இப்போது பதினான்கு இருக்கின்றன. அதில் மூன்று கொலம்பியா படங்கள், மூன்றையும் நான் போட்டுப் பார்ப்பது எக்ஸ்பாக்ஸில்தான்.